நாகப்பட்டினத்தின் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம்: ஊர் வரலாற்றுக்கு இதை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ளலாம்?

வினா: வெட்டாற்றங்கரையார்

வணக்கம். நாகப்பட்டினத்துக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து வருகிறேன். எங்கள் ஊரின் துறைமுக வாழ்வைப் பற்றி மாணவர்களைக் கொண்டே ஒரு சிறு கண்காட்சி அமைக்க முனைந்திருக்கிறோம். அதற்கென்று பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், தம் பாட்டனார் வாங்கி வைத்திருந்த பழைய அச்சுப்படம் ஒன்றைச் சட்டத்தோடு கொடுத்துள்ளார். ஏறத்தாழ ஒன்றேகால் அடி அகலமுள்ள தாள். நடுவில் ஒரு மடிப்பு. கறுப்பு மையில் அச்சான படத்தின்மேல் கடலுக்கு நீலமும் மரங்களுக்குப் பச்சையும் தீட்டப்பட்டுள்ளன. மேலே ஊரின் பெயர் ரோமன் எழுத்தில் இருக்கிறது. முன்னே கப்பல்கள் நிற்கும் கடல். அதற்கு அப்பால் மதிலும் வீடுகளும் சில கோபுரங்களும் ஒரே வரிசையில் நீண்டு செல்கின்றன.

1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பிலிப்பஸ் பல்தேயுஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் நூலில் இத்தகைய படங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள். இந்தத் தாள் உண்மையிலேயே அந்த ஆண்டைச் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? அதைவிட முதன்மையானது அடுத்த ஐயம்: படத்தின் கீழே '17ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினம்' என்று எழுதி வைத்துவிட்டால், ஊர் அப்படியேதான் இருந்தது என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். ஊருக்கு வடக்கே 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை இந்தப் படத்தில் தேடினேன். இதுதான் அது என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் எனக்குப் புலப்படவில்லை. அப்படியானால் படம் பொய்யா, அல்லது நான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேனா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏட்டுக்காவலன்

ஐயா, வணக்கம். பழந்தாள்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் பணியில் இருப்பவன் நான். படத்தில் உள்ளவற்றைப் பற்றி வரலாறு கற்றவர்கள் சொல்லட்டும். தாளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து பொறுமையாகக் கழற்றுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வரை எந்த முடிவுக்கும் வர இயலாது. செப்புத்தகட்டு அச்சில், தகட்டில் உளியால் வெட்டிய அல்லது அமிலத்தால் அரித்த கோடுகளுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பார்கள். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு, படத்தைச் சுற்றி ஒரு பள்ளமான சதுரத்தைத் தாளில் பதித்துவிடும். விளிம்புகள் வெட்டப்படாமல் இருந்தால், தாளைச் சாய்த்துப் பக்க ஒளியில் பார்க்கும்போது அது தெளிவாகத் தெரியும். அடுத்து, நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு கப்பலின் பாய்மரக் கயிற்றைப் பாருங்கள். கோடு அறுபடாமல் ஓடினால் நல்லது. சீரான சிறு புள்ளிகளாக உடைந்து தெரிந்தால் அது புகைப்பட முறையில் பிற்காலத்தில் எடுத்த மறுபதிப்பு. அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

பிறகு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பிச் சல்லடையில் கையால் வார்த்த பழைய ஐரோப்பியத் தாளில், நெருக்கமான மெல்லிய வரிகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி மிகுந்த வரிகளும் தெரியும். அத்தகைய வரிகள் இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே வரியற்ற தாளில் அச்சான படம் 1672ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை.

படத்தின் தலைப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. பல்தேயுஸின் நூல் 1672இல் டச்சு மொழியில் வந்தது; அதே ஆண்டில் அதே பதிப்பாளர்கள் ஜெர்மன் மொழியிலும் அதை வெளியிட்டார்கள். அதன்பின் இலண்டனில் சர்ச்சில் சகோதரர்கள் வெளியிட்ட பயணநூல் தொகுதியில், 1704 அளவில், ஆங்கில மொழிபெயர்ப்பு இடம்பெற்றது. அதற்கெனப் படங்களைப் புதிய தகடுகளில் மீண்டும் வெட்டினார்கள். அந்தத் தொகுதி 1732, 1744–46, 1752 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் அச்சேறியது. ஆகவே 'பல்தேயுஸ் படம்' என்ற ஒரே பெயரில் 80 ஆண்டுகளின் தாள்கள் சந்தையில் உலவுகின்றன. தகடு தேயத் தேய நுண்ணிய நிழற்கோடுகள் மங்கும். வானத்தில் இருக்கும் மெல்லிய கோடுகளைப் பார்த்தால் அது முந்திய அச்சா, பிந்திய அச்சா என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

வண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்நூல்கள் பெரும்பாலும் வண்ணமின்றியே விற்கப்பட்டன. தனித்தாளாகக் கிழித்து விற்கும் வணிகர்கள் சுவரில் மாட்டுவதற்கு ஏற்றவாறு பின்னாளில் தீட்டிய வண்ணங்கள் மிகுதி. அந்த நீலத்தையும் பச்சையையும் ஊரைப் பற்றிய செய்தியாகக் கொள்ள வேண்டாம். மடிப்பில் கிழிசல் இருந்தால் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கும் கடைக்கும் கொண்டு செல்லாதீர்கள். அதன்பின் யாராலும் அந்தத் தாளை மீட்க முடியாது.

மறுமொழி: சோழமண்டலக்கரை

வெட்டாற்றங்கரையார் அவர்களுக்கு வணக்கம். படம் பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். யார் பொருட்டு, எங்கிருந்து பார்த்து, எந்த ஆண்டின் நிலையை வைத்து அது வரையப்பட்டது என்பதை முதலில் கேட்டுக்கொண்டால், அதில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்பது தானாகவே பிரிந்து வரும்.

பல்தேயுஸ் 1632இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். 1650களின் நடுவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகக் கிழக்கே வந்து, 1658இல் ரைக்லோஃப் வான் கூன்ஸ் நடத்திய படையெடுப்புடன் சேர்ந்து பயணம் செய்தார். தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் என அந்த ஒரே ஆண்டில் போர்த்துகீசியரின் ஊர்கள் ஒவ்வொன்றாக டச்சுக்காரர் கைக்கு மாறின. நாகை அந்த ஆண்டு ஜூலையில் வீழ்ந்தது. 1660களின் நடுவில் அவர் தாயகம் திரும்பிவிட்டார். ஆகவே அவருடைய நூலுக்கான அடிப்படைச் சித்திரம் எதுவாக இருந்தாலும், அது காட்டக்கூடியது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற, டச்சுக்காரர் இன்னும் மாற்றிக் கட்டத் தொடங்காத நாகப்பட்டினத்தைத்தான். அச்சான ஆண்டு 1672 என்பதால் அது 1672இன் ஊர் ஆகிவிடாது.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றியது 1690இல். அதையொட்டி எழுந்ததுதான் 'ஐம்புலன்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அவர்களுடைய ஐங்கோணக் கோட்டை. உங்கள் படத்தில் அந்தக் கோட்டை இருந்தால், மூலச் சித்திரம் பல்தேயுஸ் காலத்தது அன்று. அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1724க்கும் 1726க்கும் இடையில் வெளிவந்த ஃபிரான்சுவா வாலன்டைனின் பெருநூலைச் சேர்ந்ததா என்று அப்போது பார்க்க வேண்டும். அதேபோல நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாரை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். அவர் ஆண்டது 1739 முதல் 1763 வரை. கடலிலிருந்து இந்தக் கரையைக் காட்டும் எந்தப் படத்திலும் வடக்கே அது தெரிந்தால், அந்தச் சித்திரம் அவர் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடுத்தது, பார்க்கும் இடம். படம் கடலிலிருந்து கரையை நோக்குகிறது. நங்கூரமிட்ட கப்பலின் தளத்தில் நிற்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார். அவருக்கு வலப்புறம் வடக்கு, இடப்புறம் தெற்கு. கடுவையாறு ஊருக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆகவே ஆற்று வாய் படத்தின் இடப்புறத்தில் இருக்க வேண்டும். வலப்புறத்தில் இருந்தால், ஏற்கெனவே அச்சான ஒரு படத்தைப் பார்த்து அதைத் திருப்பாமல் அப்படியே தகட்டில் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தகட்டில் வெட்டுவது தாளில் இடவலம் மாறி விழும் அல்லவா? படியெடுப்பவர்கள் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விடுவது உண்டு.

நீங்கள் தேடும் கோபுரத்துக்கு இப்போது வருகிறேன். இதைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகத் தெளிவான வருணனையை எழுதியவர் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த சர் வால்டர் எலியட். அவர் 1846இல் அதை நேரில் கண்டார். அவருடைய கட்டுரை 1878இல் வெளியாயிற்று. நாகைக்கு வடக்கே ஒரு மைலுக்கும் இரண்டு மைலுக்கும் இடையில், சுண்ணச் சாந்து இல்லாமல் செங்கற்களை நெருக்கி அடுக்கிய, நான்கு பக்கமும் மூன்று நிலைகளும் கொண்ட கட்டடமாக அது நின்றது. புதுவெளிகோபுரம், சீனக் கோபுரம், கறுப்புக் கோபுரம் எனப் பல பெயர்களில் அதை அழைத்தார்கள். அது கரையோரம் செல்லும் கப்பல்களுக்கு அடையாளமாக விளங்கியது என்றும் அவர் எழுதுகிறார். வாலன்டைனும் தம் நூலில் சீனக் கோபுரம் என்று அதைக் குறிப்பிடுகிறார். 1867இல் அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தனர். 1349இல் எழுதிய சீனப் பயணி வாங் தாயுவான், இக்கரையில் ஒரு செங்கற் கோபுரத்தில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனக் கல்வெட்டு இருந்ததாகச் சொல்வது இந்தக் கோபுரத்தைப் பற்றியதே என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆகவே 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கோபுரம் அங்கே நின்றது என்பதில் ஐயமே இல்லை. உங்கள் படத்தில் அது இல்லையென்றால், படத்தைக் கொண்டு கோபுரத்தை ஐயுறக்கூடாது. கோபுரத்தைக் கொண்டு படத்தை அளக்க வேண்டும். ஊரின் வட எல்லையோடு சித்திரக்காரர் நிறுத்திக்கொண்டாரா, அல்லது கோபுரத்தைக் கண்டும் அதை வேறொரு தேவாலயக் கோபுரமாக ஆம்ஸ்டர்டாமில் வெட்டிவிட்டார்களா என்பவை இரண்டும் ஆராயத்தக்க கேள்விகள். படத்தின் வலக்கோடியில், மதிலுக்கு வெளியே தனித்து நிற்கும் எந்த உருவத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள்.

இதையெல்லாம்விட என் மனத்தை வருத்துவது, இத்தகைய படங்களில் வரவே வராத ஒன்று. டச்சுக்காரர் நாகையைக் கைப்பற்றியபோது தஞ்சையை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். பிஜப்பூர்ப் படைகளின் தொடர் சூறையாடலால் 1650களின் இறுதியில் தஞ்சை நாட்டில் வேளாண்மை சிதைந்து கொடும் பஞ்சம் பரவியது. பசியால் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்ற மக்களை, 1659 முதல் 1661 வரையிலான காலத்தில், நாகை, பழவேற்காடு உள்ளிட்ட துறைகளிலிருந்து டச்சுக் கப்பல்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் அடிமைகளாக ஏற்றிச் சென்றன. அவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை இருக்கலாம் என்பது கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. உங்கள் படத்தின் முன்புறத்தில் கொடி பறக்க நிற்கும் கப்பல்களின் காலம் ஏறத்தாழ அதேதான். மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டும்போது அந்தக் கப்பல்களுக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். நூல் வெளியான மறு ஆண்டே, 1673இல், மதுரைச் சொக்கநாத நாயக்கரிடம் தோற்று விஜயராகவரும் மடிந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் ஏகோஜியின் மராத்திய ஆட்சி வந்தது. ஐரோப்பிய வாசகர் கையில் அந்தப் படம் புதிதாக இருந்தபோதே, அதற்குப் பின்னணியாக இருந்த அரசு இல்லாமற் போயிற்று.

மறுமொழி: வலிகாமத்தான்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பல்தேயுஸ் பாதிரியார் நாகையைவிட எங்கள் மண்ணில்தான் நீண்ட காலம் இருந்தார். அவர் நூலில் உள்ள ஊர்ப்படங்களில் எனக்கு ஈடுபாடு உண்டு என்பதால், சோழமண்டலக்கரை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்நூலில் துறைமுகங்களும் கோட்டைகளும் மட்டுமன்றி, யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வேதக்கோவில்களும் (கிறித்தவத் தேவாலயங்களும்) தனித்தனிப் படங்களாக உள்ளன. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, வரணி எனப் பெயர்கள் தொடரும். இவை பெரும்பாலும் பறங்கியர் (போர்த்துகீசியர்) காலத்தில் கத்தோலிக்கக் குருமார் எழுப்பியவை. 1658க்குப் பின் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அவற்றைத் தங்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பல்தேயுஸ் இந்தக் கோவிற்பற்றுகளைச் சுற்றி வந்து கண்காணித்தவர். ஆகவே கடலிலிருந்து பார்த்த துறைமுகப் படத்துக்கும், அவர் வாசலில் இறங்கி உள்ளே சென்ற சிறு கோவிலின் படத்துக்கும் சான்று என்ற வகையில் ஒரே நிறையை நான் கொடுக்கமாட்டேன். பின்னதில் அவருடைய சொந்த அறிவு மிகுதி.

எங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சங்கானையில் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்லால்) கட்டிய பழைய கோவிலின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. வட்டுக்கோட்டை, தெல்லிப்பழைக் கோவில்களை 1816, 1817 அளவில் அமெரிக்க மிஷனரிமார் கூரையற்ற கட்டடங்களாகப் பெற்றுத் திருத்தினார்கள். வட்டுக்கோட்டைக் கோவில் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயம். படத்தையும் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களால் முடிகிறது. அப்படிப் பார்க்கிறவர், கட்டடத்தை ஒரு கண்ணாலும் அதைச் சுற்றியுள்ள மனிதரையும் மரங்களையும் இன்னொரு கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் அக்காலத்துச் செதுக்குநர்கள் வெற்றிடத்தை நிரப்புவதற்குத் தங்கள் வழக்கத்தில் இருந்த உருவங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டையை வைத்தும் இதையே விளக்கலாம். பறங்கியர் கட்டியது நாற்கோணக் கோட்டை. இன்று வருகிறவர்கள் பார்க்கும் ஐங்கோணக் கோட்டை, 1658இல் மூன்றரை மாத முற்றுகைக்குப் பின் இடத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னாளில் கட்டியது. பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்றைய கொத்தளங்களைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். குற்றம் படத்தில் இல்லை.

இந்நூலை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. இந்து சமயத்தைப் பற்றிய அதன் மூன்றாம் பகுதி, அவருக்கு முன் மலபாரில் வாழ்ந்த ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குருவின் கையெழுத்து நூலைப் பெரிதும் சார்ந்தது. பத்து அவதாரங்களின் படங்களும் வேறொருவர் வைத்திருந்த சித்திரங்களிலிருந்து வந்தவை. ஆனால் அதே நூலில் தமிழ் எழுத்துகளும் ஒரு சிறு இலக்கண அறிமுகமும் தமிழில் ஒரு கிறித்தவச் செபமும் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிடப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் தமிழை அறிமுகப்படுத்திய மிகப் பழைய அச்சுகளில் அது ஒன்று. அந்தப் பக்கத்தின் நகலும் கிடைத்தால் உங்கள் கண்காட்சியில் வையுங்கள். நமது எழுத்தை ஒருமுறையும் படித்தறியாத ஓர் ஆம்ஸ்டர்டாம் கைவினைஞர் அதை வளைவு வளைவாகப் பார்த்து வெட்டியிருக்கிறார். நம் ஊரையும் அவர்கள் அப்படித்தான் வெட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

மறுமொழி: மயிலைவாசகர்

சென்னையைப் பற்றிய ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லி வைக்கிறேன். 1754இல் யான் வான் ரைன் செதுக்கி, இலண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட புனித ஜார்ஜ் கோட்டைப் படம் மிகவும் புகழ்பெற்றது; கடலும் கப்பலும் கோட்டையுமாக எத்தனையோ அலுவலகச் சுவர்களில் அதன் நகலைக் காணலாம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனி தன் இலண்டன் தலைமையகத்துக்கென ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இரண்டு ஓவியர்களிடம் தன் குடியேற்றங்களின் ஆறு ஓவியங்களை வரையச் சொல்லி வாங்கியது. அவ்விருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வான் ரைனின் படமும் அந்த ஓவிய மரபைச் சார்ந்ததே. கம்பெனியின் பங்குதாரர் பார்க்க விரும்பிய சென்னை அது: உறுதியான மதில், அமைதியான கடல், கரையை நெருங்கி நிற்கும் பெருங்கப்பல். உண்மையில் சென்னைக் கரையில் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன; அலையைக் கடந்து மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான்.

அதற்கு மாறாக, தாமஸ் டேனியலும் அவர் உறவினரான வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னகத்தில் நேரில் பயணம் செய்து, காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைப் பெட்டியின் துணையோடு வரைந்தார்கள். 1795க்கும் 1808க்கும் இடையில் வெளியான அவர்களுடைய 144 படங்களில் கட்டடங்களின் அளவுகளை நான் பெரிதும் நம்புவேன். ஆனாலும் அவர்களும் இங்கிலாந்து திரும்பிய பிறகே அவற்றை அச்சுக்குச் செதுக்கினார்கள். மேகமும் மாலை ஒளியும் அங்கே சேர்ந்தவையாக இருக்கலாம்.

வினா எழுப்பியவர்: வெட்டாற்றங்கரையார்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். தாளில் கம்பி வரிகள் தெரிகின்றன. தகட்டின் பள்ளம் மூன்று பக்கங்களில் தெளிவாக உள்ளது. உருப்பெருக்கியில் கோடுகள் அறுபடாமல் ஓடுகின்றன. தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. மேல் ஓரத்தில் ஒரு பக்க எண்ணும் வெட்டப்பட்டுள்ளது. ஆகவே இது இலண்டன் பதிப்பைச் சேர்ந்த தாள் என்றே தோன்றுகிறது. ஐங்கோணக் கோட்டை போல எதுவும் இல்லை.

ஆற்று வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற சோதனையை நான் மட்டும் செய்து முடிவு சொல்வதைவிட மாணவர்களிடமே விட்டுவிட நினைக்கிறேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வகுப்பில் இருக்கிறார்கள். கடலிலிருந்து ஊர் எப்படித் தெரியும் என்பதை என்னைவிட அவர்கள் நன்கு அறிவார்கள். இந்தப் படத்தின் கீழே என்ன எழுதலாம், இதன் அருகில் வேறு எவற்றை வைக்கலாம் என்பதை மட்டும் சொல்லி உதவ வேண்டும். ஒரு படியின் படி என்று தெரிந்த பிறகு இதைக் காட்சிக்கு வைப்பது தகுமா என்பதும் ஒரு தயக்கம்.

மறுமொழி: சோழமண்டலக்கரை

கட்டாயம் வையுங்கள். இலண்டன் பதிப்பு என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. அது சொல்லும் செய்தி வேறு. 1650களின் இறுதியில் இருந்த ஒரு துறைமுகத்தின் தோற்றத்தை, அதன் ஆட்சியும் கோட்டையும் மாறிய பின்பும், 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில வாசகர் 'இன்றைய நாகை' என்று நம்பிப் பார்த்தார் என்பதற்கு இந்தத் தாளே சான்று. 1781இல் ஹெக்டர் மன்றோவின் தலைமையில் ஆங்கிலேயர் நாகையைக் கைப்பற்றும் வரை, அந்த நாட்டின் படித்தவர்கள் பலர் இந்த ஊரை அறிந்திருந்தது இத்தகைய படங்களின் வழியாகத்தான்.

விளக்கக் குறிப்பை இப்படி அமைக்கலாம்: 'கடலிலிருந்து நாகப்பட்டினம். டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றிய 1658ஐ ஒட்டிய நிலையை அடிப்படையாகக் கொண்டு, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான படத்தைப் பின்பற்றி, 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் மீண்டும் செதுக்கப்பட்டது. நேரில் கண்டு செதுக்கியது அன்று. வண்ணம் பிற்காலத்தது.' வண்ணத்தைப் பற்றிய கடைசித் தொடரை ஏட்டுக்காவலன் அவர்கள் தாளைப் பார்த்து உறுதி செய்தால் நன்று.

அருகில் வைக்க, எலியட்டின் கட்டுரையோடு வெளியான கோபுரச் சித்திரத்தின் நகலைத் தேடுங்கள். அதற்கடுத்து, 1856 முதல் 1930கள் வரை நாகையின் மண்ணில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களில் சிலவற்றின் புகைப்படங்களை வைக்கலாம். அவற்றுள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனைமங்கலச் செப்பேட்டின் படமும் வேண்டும். ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மரின் பெயரால் நாகையில் எழுப்பிய விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்ததைச் சொல்வது அது. அதன் 21 ஏடுகளில், கொடுத்த நிலத்தின் எல்லைகள் வாய்க்கால் வாய்க்காலாக விவரிக்கப்பட்டுள்ளன. ஊரையே காணாத ஒருவர் வெட்டிய செப்புத்தகட்டுக்கும், நிலத்தை நடந்து அளந்தவர்களின் சொல்லைக் கேட்டு வெட்டிய செப்பேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாமே கண்டு எழுதட்டும்.

மறுமொழி: ஏட்டுக்காவலன்

வண்ணத்தைப் பற்றி: மடிப்பின் விரிசலுக்குள்ளும் பழைய கறையின் மேலும் நீலம் படிந்திருந்தால் அது பின்னாளில் தீட்டியதே. தாளின் பின்புறம் பச்சை நிறம் பழுப்பாக ஊறித் தெரிந்தால் அந்தப் பச்சை செம்பு கலந்த பழைய வண்ணமாக இருக்கலாம். அப்படியானால் தாள் அந்த இடங்களில் நொறுங்கும் தன்மையோடு இருக்கும், விரல் படக்கூடாது. இரண்டு பக்கங்களையும் பக்க ஒளியில் படமெடுத்து இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கண்காட்சி நாட்கள் முழுவதும் மூலத்தையே வைக்க வேண்டியதில்லை. தொடக்க நாளில் மூலத்தை வைத்துவிட்டு, மற்ற நாட்களில் நல்ல நகலை வைக்கலாம். மூலத்தைச் சன்னல் வெயில் படாத சுவரில், அமிலமற்ற அட்டையில் ஒட்டாமல் மூலைகளை மட்டும் தாள் உறைகளில் செருகி, கண்ணாடி தாளைத் தொடாத இடைவெளியுடன் மாட்டுங்கள். உங்கள் ஊரின் கடற்காற்றில் ஈரம் மிகுதி. வெளிச்சுவரில் மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், ஆகவே உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.